தஞ்சைக் கிறித்தவ வழிபாட்டில் பக்தி வைராக்கியமும் அதன் தடைகளும்

காவிரிப் படுகையில் சீர்திருத்தக் கிறித்தவம் 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் தொடங்கியது. அங்கிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஆற்றோரமாக மேற்கே பரவியது. இப்பகுதியின் சபைகளில் வழிபாடு எப்போது உயிரோடு இருந்தது, எப்போது வெறும் கடமையாகக் குளிர்ந்து போனது, அதற்கு எவை காரணமாயின என்ற கேள்வி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பலமுறை எழுந்தது. பாட்டும் பந்தியுமே அந்த விவாதத்தின் இரு முனைகள். எந்த மெட்டில் பாடுவது, யார் பக்கத்தில் யார் அமர்வது என்ற இரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாதபடி அது நடந்தது. அதன் நடுவில் நின்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864).

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு

சைவ, வேதாந்த நூல்களில் ‘வைராக்கியம்’ என்றால் பற்றின்மை. உலக ஆசையை விட்டொழித்த உறுதி. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் கடவுள் காரியத்தில் ஒருவர் காட்டும் எரியும் ஆர்வத்துக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். ‘பக்தி வைராக்கியம்’ என்ற தொடர் கிறித்தவத் தமிழில் இவ்வாறு நிலைபெற்றது. பற்றை விடுவதைக் குறித்த சொல், பற்றிக்கொண்டு விடாமலிருப்பதைக் குறிக்கத் தொடங்கியது. பேச்சுத் தமிழில் ‘வைராக்கியம் பிடித்தவன்’ என்றால் பிடிவாதக்காரன் என்றும் பொருள். கீழே வரும் வரலாற்றில் இம்மூன்று பொருள்களுக்கும் இடமுண்டு.

ஜெர்மன் மெட்டும் தமிழ் நாவும்

தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் புளுட்சோவும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். லூத்தரன் சபைகளில் வழிபாடு சடங்காகிவிட்டது, நெஞ்சில் அனல் இல்லை என்ற குறையிலிருந்து பிறந்த இயக்கம் அது. ஸ்பேனர் என்ற போதகர் 1675இல் வெளியிட்ட நூல் அதற்கு வித்திட்டது. பிராங்கே என்பவர் ஹாலேயில் பள்ளிகளும் அநாதை இல்லமும் அமைத்து அதை வளர்த்தார். புதிய பாடல்கள் அந்த இயக்கத்தின் உயிர்நாடி. ஆகவே சீகன்பால்கு தமிழ் கற்ற கையோடு ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கி, அதே ஜெர்மன் மெட்டுகளில் பாட வைத்ததில் வியப்பில்லை. இவை ‘ஞானப்பாட்டு’ எனப்பட்டன. பின்னர் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பெப்ரீசியஸ் இன்னும் பலவற்றை மொழிபெயர்த்தார். லூத்தரன் சபைகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆனால் ஹாலேயில் அனல் மூட்டிய பாட்டு தரங்கம்பாடியில் அதே வேலையைச் செய்யவில்லை. காரணம் தமிழின் ஒலியமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றுபவை. ‘மனம்’ என்பதன் முதல் எழுத்தை மெட்டுக்காக இழுத்தால் ‘மானம்’ ஆகிவிடும். ‘பதம்’ ‘பாதம்’ ஆகும். ‘கல்’ ‘கால்’ ஆகும். ஜெர்மன் மெட்டு தன் அழுத்தம் எங்கே விழ வேண்டுமோ அங்கே ஓசையை நீட்டும். அங்கே தமிழ்ச் சொல்லின் குறில் இருந்தால் பாடுபவரின் வாயில் வேறு சொல் பிறக்கும். தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடுகிறது. ஜெர்மன் பாட்டோ அடியின் முடிவில் இயைபைத் தருகிறது. தவிர, எட்டுப் பத்து நீண்ட பத்திகள் கொண்ட பாட்டை மனப்பாடம் செய்யாமல் பாட முடியாது. புத்தகம் வைத்திருந்தவர் சிலர். வாசிக்கத் தெரிந்தவர் இன்னும் சிலர்.

கீர்த்தனையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போய், ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்கே திரும்பி வரும். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையே பல்லவியைப் பிடித்துக்கொள்வார். மூன்றாம் முறை உரக்கப் பாடுவார். தெருக்கூத்திலும் பஜனையிலும் அவர் பழகிய முறை அது. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமாயணத்தையே கீர்த்தனைகளாகப் பாடி இப்பகுதி மக்களின் வாயில் போட்டிருந்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கத்தோலிக்கருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் தமிழ் யாப்பில் தேம்பாவணி பாடினார். மாலை, தேர், விழா என்று மக்கள் அறிந்த வடிவங்களை அவருடைய சபை ஏற்றது. அவற்றை விக்கிரக வழிபாட்டின் எச்சம் என்று தரங்கம்பாடியார் ஒதுக்கினர். பூவும் தேரும் பக்திக்குத் தடையா துணையா என்ற சர்ச்சை அப்போதே தொடங்கியது எனலாம்.

ராஜநாயக்கன்

தஞ்சை அரசுக்குள் சீர்திருத்தக் கிறித்தவம் நுழைந்த கதையில் வெளிநாட்டவர் பங்கு குறைவு. தஞ்சைப் படையில் பணிபுரிந்த ராஜநாயக்கன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், பறையர் சமூகத்தவர். தரங்கம்பாடியில் அச்சான நூல்களை வாசித்து மனம் திரும்பி, படைவேலையை விட்டு 1728இல் உபதேசியார் ஆனார். ஐரோப்பியப் போதகர்கள் தஞ்சை நாட்டுக்குள் சுலபமாகச் செல்ல முடியாத அக்காலத்தில், ஊர் ஊராக நடந்து சபைகளைச் சேர்த்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார்.

1733ஆம் ஆண்டு டிசம்பரில் கடலூரைச் சேர்ந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியர்களில் முதல் சீர்திருத்தக் கிறித்தவ குரு அவரே, வெள்ளாளர். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தபோது ராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. உழைப்பிலோ பக்தியிலோ அவர்மேல் குறை சொல்ல யாராலும் இயலவில்லை. ஆனால் அவர் கையால் வெள்ளாளக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் குறுக்கே வந்தது. 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார்.

தஞ்சை வழிபாட்டு வரலாற்றில் பக்தி வைராக்கியத்துக்கு நேர்ந்த முதல் பெருந்தடை இதுதான். பின்னால் நடந்த சச்சரவுகளைப் பற்றிப் படிப்பவர்கள் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். சாதிச் சிக்கல் 1820களில் புதிதாக வந்த போதகர்கள் கிளப்பிவிட்ட ஒன்று என்ற எண்ணம் அதனால்தான் ஏற்படுகிறது.

சுவார்ட்ஸ் காலம்

1750இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ், திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்தபின் 1778 முதல் தஞ்சையில் நிலையாகத் தங்கினார். சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய கோட்டையில் உள்ள ஆலயம் அவர் எழுப்பியது. ஹைதர் அலியின் படையெடுப்பால் 1781இல் நெல்வயல்கள் தரிசாகி, பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அவர் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த நெல் பலரைக் காப்பாற்றியது. அரசு அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடிய உழவர்கள், அரசரின் வாக்கை நம்பாமல் சுவார்ட்ஸின் வாக்கை நம்பித் திரும்பி வந்து உழுதார்கள் என்பது அவருடைய வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. வழிபாட்டில் அவருக்கிருந்த செல்வாக்குக்கும் இந்த நம்பிக்கைதான் அடித்தளம். 1798 பிப்ரவரி 13 அன்று அவர் இறக்கும் தறுவாயில், சூழ நின்றவர்கள் பாடிய ஞானப்பாட்டில் தாமும் குரல் கொடுத்துச் சேர்ந்தார் என்று வரலாறுகள் சொல்கின்றன. ஜெர்மன் மெட்டு அவருக்கு அன்னியமல்ல அல்லவா!

சாதி விஷயத்தில் சுவார்ட்ஸ் அவசரப்படாதவர். ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் மக்கள் அமர்ந்தனர். திருவிருந்துக்கும் ஒரு பிரிவினர் முன்னும் மற்றவர் பின்னும் வந்தனர். காலப்போக்கில் இது தானே கரையும் என்பது அவருடைய கணக்கு. அவர் வளர்ப்பு மகன் போன்ற ஜான் காஸ்பர் கோலாப் 1844இல் இறக்கும் வரை அதே மென்மையைக் கடைப்பிடித்தார். கரையவில்லை, கெட்டிப்பட்டது.

வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் திருநெல்வேலியில் உபதேசியார் தேவசகாயத்தின் மகனாக 1774இல் பிறந்தார். பன்னிரண்டு வயதளவில் சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்தார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் கற்றவரே. இருவருக்கும் வாழ்நாள் முழுதும் நட்பு இருந்தது. தரங்கம்பாடியில் இறையியலும் வான நூலும் பயின்று திரும்பிய வேதநாயகம், இருபது வயதளவில் தஞ்சை மிஷன் பள்ளியின் ஆசிரியரானார். ‘வேத சாஸ்திரி’, ‘சுவிசேஷ கவிராயர்’, ‘ஞானதீபக் கவிராயர்’ என்பன சபையார் அவருக்கு அளித்த பட்டங்கள். மாயவரம் முன்சீபாக இருந்து ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறொருவர், அவர் கத்தோலிக்கர். தேர்வுத்தாள்களில் இவ்விருவரையும் ஒருவராக்கும் பிழை அடிக்கடி நிகழ்கிறது.

சாஸ்திரியார் வாழ்ந்த காலத்தையும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தஞ்சையிலிருந்து சில மைல் வடக்கே திருவையாற்றில் தியாகராஜர் (1767–1847) பாடிக்கொண்டிருந்தார். முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் இதே படுகையில் வாழ்ந்தவர்கள். சரபோஜியின் அரண்மனையில் குறவஞ்சி நாடகங்கள் பாடப்பட்டன. மன்னர் பெயரிலேயே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுந்தது. காற்றில் இசை கலந்திருந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மக்கள் வேறொரு தேசத்து மெட்டில் பாட வேண்டியிருந்தது.

அவர் 1800ஐ ஒட்டி இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ இந்த இடைவெளியை நிரப்பியது. தலைவி தேவமோகினி, அவள் சபைக்கு உருவகம். தலைவன் கிறிஸ்து. குறத்தி வந்து குறி சொல்கிறாள். வலை விரித்துப் பறவை பிடிக்கும் சிங்கனின் தொழில், ஆன்மாக்களைச் சேர்க்கும் ஊழியத்துக்கு உவமை ஆகிறது. குற்றாலக் குறவஞ்சி கேட்டுப் பழகியவர் எவரும் இதன் துள்ளலை உடனே அறிவார். இடையில் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் கொள்கையையும் பாட்டிலேயே கற்பித்துவிடுகிறார். ஆசிரியர் புத்தி போகாது. ஜெபமாலை, ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம் முதலிய வேறு நூல்களும் பல. இவற்றை அவரே மாணவர்களுடன் பாடி, இடையிடையே பொருள் சொல்லி, காலட்சேப முறையில் சபை சபையாக நடத்திக் காட்டினார். விடிய விடிய மக்கள் உட்கார்ந்து கேட்கும் வழிபாடு அது.

அரசவையின் தெய்வங்களைப் பாடும்படி சரபோஜி கேட்டதாகவும், நண்பராயினும் மன்னராயினும் அது தம்மால் ஆகாது என்று சாஸ்திரியார் மறுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மன்னர் கோபிக்கவில்லை. இருவருடைய பெருமைக்கும் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவர்.

நான்கு குறைகள்

1820களின் நடுவில் தஞ்சை மிஷன் ஆங்கிலத் திருச்சபையின் வேறொரு சங்கத்தின் கைக்கு மாறியது. சுவார்ட்ஸைப் பார்த்திராத புதிய போதகர்கள் வந்தனர். அவர்களில் தஞ்சைக்கு அனுப்பப்பட்ட ஹௌப்ரோ என்ற டேனியர் கண்டிப்பானவர். 1829ஐ ஒட்டிச் சாஸ்திரியார் புதிய போதகர்களுக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். அவருடைய குறைகளை நான்காகத் தொகுக்கலாம். பெப்ரீசியஸின் வேதாகம மொழிபெயர்ப்பை இரேனியஸ் முதலியோர் திருத்துகிறார்கள் என்பது முதலாவது. எல்லாச் சாதியாரையும் திருவிருந்தில் கட்டாயமாகக் கலக்கச் செய்கிறார்கள் என்பது இரண்டாவது. திருமணம், திருநாள், துக்கம் ஆகியவற்றில் பூவையும் அலங்காரத்தையும் தடுக்கிறார்கள் என்பது மூன்றாவது. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதை நிறுத்துகிறார்கள் என்பது நான்காவது.

இந்த நான்கும் ஒரே பட்டியலில் வந்ததுதான் தஞ்சைச் சபையின் துயரம். நான்காவது குறையில் நியாயம் முழுவதும் சாஸ்திரியார் பக்கம். வாயில் ஒட்டாத மெட்டைக் கட்டாயமாக்கி, ஒட்டிய மெட்டைத் தடுப்பது பக்தியை அணைக்கும் வழி. மூன்றாவதிலும் அவர் பக்கம் வலுவானதே. பூமாலை சூடினால் கிறித்தவம் கெட்டுவிடும் என்பதற்கு வேதத்தில் எங்கும் ஆதாரம் இல்லை. முதலாவது, பழகிய வேத வசனம் காதில் மாறி ஒலித்தால் எந்தச் சபைக்கும் ஏற்படும் வருத்தம். இன்றும் புதிய மொழிபெயர்ப்பு வரும்போதெல்லாம் இதே வருத்தம் கேட்கிறது.

இரண்டாவது அப்படிப்பட்டதல்ல. சாதி வேறுபாடு நாட்டு வழக்கமே, சமயத்தைச் சேர்ந்ததல்ல என்றும், ஐரோப்பியருக்குள்ளும் பிரபு, வேலைக்காரன் என்ற வேறுபாடு உண்டே என்றும் தஞ்சை வெள்ளாளக் கிறித்தவர்கள் வாதிட்டனர். ஐரோப்பியரைப் பற்றி அவர்கள் சொன்னது உண்மைதான். தம் சமையற்காரரோடு ஒரே மேசையில் உண்ணாத துரைமார் சமபந்தியைப் போதித்ததில் முரண் இருந்தது. ஆயினும் பிறர் செய்யும் தவறு தம் தவறுக்கு ஈடாகாது. ஒரே அப்பத்தைப் பிட்டு உண்பதே பொருளாக அமைந்த சடங்கில் வரிசை பிரித்து நிற்பது, அச்சடங்கின் வேரையே அறுப்பது. கீர்த்தனைக்காகப் போராடிய அதே வைராக்கியம் தனி இருக்கைக்காகவும் போராடியது. எதிர்த்தரப்பின் தவறும் இதற்கு இணையானது. சாதியைக் களைய வந்தவர்கள் தமிழிசையையும் பூவையும் சேர்த்தே களைய முற்பட்டதால், ‘நம்முடைய எல்லாவற்றையும் பறிக்கிறார்கள்’ என்ற முழக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். பயிரையும் களையையும் ஒரே பிடியில் பற்றி இழுத்தால் நாற்றங்கால் என்னவாகும் என்பதைத் தஞ்சைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி அவரைத் தம் அரண்மனைப் புலவராக ஆதரித்தார். 1832இல் மன்னர் இறந்ததும் அந்த ஆதரவும் போயிற்று.

ஹீபரும் வில்சனும்

கல்கத்தா ஆயர் ரெஜினால்டு ஹீபர் 1826ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளைத் தஞ்சையில் கொண்டாடினார். அன்று மாலைத் தமிழ் ஆராதனையில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். தங்கள் மொழியில் ஆயர் ஆசி கூறக் கேட்ட மக்கள் உருகிப்போனார்கள். சாதி பற்றி விசாரித்த அவர், பொறுமையாக நடக்க வேண்டும் என்ற கருத்துடையவராகவே இருந்தார். அதற்கடுத்த வாரமே, ஏப்ரல் 3 அன்று, திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது இறந்தார்.

பின்னர் வந்த ஆயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி உடனடியாகவும் முழுமையாகவும் என்றைக்குமாகவும் ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கை வாசிக்கப்பட்டதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் சபையை விட்டு வெளியேறினர். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலையிழந்தனர். 1835 ஜனவரியில் வில்சனே தஞ்சைக்கு வந்து பேசியும் பலர் திரும்பவில்லை. வெளியேறியவர்களில் பலரைப் பின்னர் லைப்சிக் லூத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது. சாதியை வற்புறுத்தி ஒழிக்க வேண்டியதில்லை என்பது அந்த மிஷனின் கொள்கை. 1851 முதல் தஞ்சையில் பணியாற்றிய ஜி. யு. போப், லூத்தரன்கள் தம் சபையாரை இழுக்கிறார்கள் என்று 1853இல் கண்டித்து நூலே வெளியிட்டார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப்பை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டைக்கார போப் புதியவராகத் தோன்றக்கூடும்.

ஒரே ஊரில் இரண்டு சபைகள், ஒரே வேதாகமம், ஒரே சுவார்ட்ஸை இருவரும் தங்கள் தந்தை என்றனர். இதில் இழப்பு யாருக்கு என்பதை அக்காலப் பதிவுகள் அதிகம் பேசுவதில்லை. வெள்ளாளர் வெளியேறியதைப் பற்றிக் கடிதங்களும் அறிக்கைகளும் ஏராளமாக உள்ளன. தரையில் தனியே அமர்ந்து, கடைசியாகத் திருவிருந்து வாங்கிவந்த பறையர், பள்ளர் கிறித்தவர்கள் அந்த நாட்களில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதியவை அரிது. சர்ச்சை முழுவதும் அவர்களைப் பற்றியது, பேசியவர்கள் மற்றவர்கள்.

வயலும் ஞாயிற்றுக்கிழமையும்

போதகர்கள் அடிக்கடி கண்டித்த ஒன்று, ஞாயிறு ஆராதனைக்கு வராமலிருப்பது. இதைப் பக்திக்குறைவு என்று மட்டும் சொல்வது படுகையின் நிலவுடைமையை அறியாத பேச்சு. மேட்டூர் அணைக்கு (1934) முன்னரும் பின்னரும், ஆற்றில் தண்ணீர் வந்தால் நாற்று நடவு காத்திருக்காது. கதிர் முற்றினால் அறுப்பும் காத்திருக்காது. மிராசுதாரின் பண்ணையாளாக இருந்தவருக்கு நாள் அவருடையதல்ல. குறுவையோ தாளடியோ, வேலை நாளைத் தீர்மானித்தவர் நிலத்துக்காரர். கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாடிய நந்தனார் சரித்திரத்தில், தில்லை காண ஏங்கும் நந்தனுக்கு முதல் தடை கோயில் மதில் அன்று. நாற்பது வேலி நிலத்தின் வேலை. அந்தக் கதையைக் கேட்டு அழுத இப்பகுதி மக்களில் கிறித்தவப் பண்ணையாள்கள் இருந்திருந்தால், அவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென்று 1952இல்தான் வந்தது.

அதே வயல் பக்திக்குத் துணையும் ஆயிற்று. முதல் கதிரையும் மரக்கால் நெல்லையும் ஆலயத்தில் படைக்கும் அறுப்பின் பண்டிகை, கிராமச் சபைகளில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய கொண்டாட்டம். காணிக்கையாக வந்த சேவலும் பூசணியும் ஏலம் போகும்போது இருக்கும் உற்சாகத்தைப் பட்டணத்து ஆலயங்களில் காண்பது கடினம்.

கீர்த்தனை வென்றது

தஞ்சையில் மறுக்கப்பட்ட கீர்த்தனைக்கு வேறிடத்தில் வாழ்வு கிடைத்தது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853இல் அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையவை. தம் பாட்டு ஆலய வழிபாட்டு நூலாக அச்சேறியதைக் காணும் வரை சாஸ்திரியார் வாழ்ந்தார். 1864 ஜனவரி 24 அன்று, தொண்ணூறாம் வயதில் தஞ்சையில் காலமானார்.

மறு தலைமுறையில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) வந்தார். தமிழிசை ஆய்வுக்கு அடிப்படை நூலான ‘கருணாமிர்த சாகரம்’ (1917) எழுதியவர். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் நடத்தினார். இசை கற்போருக்காக அவர் வெளியிட்ட பாடத்தொகுப்பில் கிறித்தவப் பொருளில் அமைந்த கீதங்களையும் கீர்த்தனைகளையும் சேர்த்தார். ஹௌப்ரோ ஆலயத்தில் கேட்க விரும்பாத இசை, நூறு ஆண்டுகளுக்குள் ஆய்வு மாநாட்டு மேடையில் ஏறியது.

இதற்கிடையே 1860இல் திருநெல்வேலிப் பக்கத்திலும் கிறிஸ்டியான்பேட்டையிலும் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரைச் சுற்றி ஓர் எழுப்புதல் நிகழ்ந்தது. மக்கள் கதறி அழுதனர்; அந்நிய பாஷை பேசினர்; தீர்க்கதரிசனம் கூறினர். வெளிநாட்டுப் போதகர்களில் சிலர் மகிழ்ந்தனர், சிலர் முகம் சுளித்தனர். சபை குளிர்ந்துவிட்டது என்று ஓயாமல் வருந்தியவர்களே, அனல் வந்தபோது அது தங்களுக்குப் பழகிய அனலா என்று சோதித்துப் பார்த்தது கவனிக்கத்தக்கது. தஞ்சை மிஷன் சபைகளில் இத்தகைய எழுச்சி அப்போது பெரிதாக வேர்விடவில்லை.

தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1919இலும், ஆங்கிலிக்கரும் பிறரும் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947இலும் உருவாயின. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் மொழிபெயர்ப்புப் பாடல்கள் ‘பாமாலை’ என்றும், தமிழ்ப் பாடல்கள் ‘கீர்த்தனை’ என்றும் இன்று ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. இரண்டுக்கும் இப்போது ரசிகர்கள் உண்டு. இரண்டையும் ஒதுக்கி மின்கருவி இசையோடு புதுப்பாடல் மட்டும் பாட வேண்டும் என்போரும் உண்டு. வயதானவர்களுக்கு அது வாயில் ஒட்டவில்லை.

திருவிருந்தில் தனி வரிசை மறைந்துவிட்டது. தமிழ்நாட்டின் சில கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பகுதி மறையவில்லை. சாஸ்திரியாரின் வழித்தோன்றல்கள் அவருடைய பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றனர். லெந்து நாட்களில் அவருடைய கீர்த்தனை இல்லாத தமிழ் ஆலயம் அரிது. 1829ஐ ஒட்டி அவர் சாதி குறித்து எழுதியவை பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே நின்றுவிட்டன. ஆய்வாளர்கள் மட்டும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். ராஜநாயக்கனின் பெயரைத் தாங்கிய கீர்த்தனை எதுவும் பாட்டுப் புத்தகங்களில் இல்லை.